கடல் பாதைக்கு ஏற்ற பூச்சு

லஃப்பரோ
8 பிப்ரவரி 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் இருமல் விட்டதா? இங்கே அண்ணனும் நானும் நலம். ஆம்ப்ரோஸுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடுப்பு வளையவில்லை. குளிரில் கூடுதலாக முரண்டு பிடிக்கிறது. காலையில் அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவது என் வேலை.

நான் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. லென் போன பிறகு தீவில் நீ தனியாக இருப்பது மனதை உறுத்துகிறது. பேருந்து எப்போதாவது வருகிறது, அதுவும் கடல் வழிவிட்டால்தான். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் வேண்டும் என்று நீ கேட்டது நியாயம். நான் கட்டுகிற கார் முடிந்ததும் அதிலேயே வந்து உன் மாடியறையில் தங்கிவிடுகிறேன் என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை.

உதிரிகளாகப் பெட்டிகளில் வந்த அந்தக் காரை ஒரு தடவை முழுவதும் பூட்டிப் பார்த்துவிட்டேன். வீட்டில் கார் கட்டுகிறவர்களின் வழக்கம் இது. முதலில் பூச்சில்லாமல் பூட்டுவது, எல்லாம் சரியாக உட்கார்ந்தால் மறுபடி கழற்றி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸுக்குப் பூச்சு கொடுத்துவிட்டு, திரும்பப் பூட்டுவது. நானும் கழற்றிவிட்டேன். இப்போது ஷெட்டில் வெறும் சேஸிஸ் மரக்கட்டைகளின் மேல் கிடக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்தும் வெல்டிங் செய்த இடங்களில் செம்மை படர்கிறது.

எந்தப் பூச்சு என்பதுதான் கேள்வி. ஒரு பத்திரிகை சொல்வதை அடுத்த மாதம் அதே பத்திரிகை மறுக்கிறது. உன் ஊர்ப் பாதை கடலுக்குள் மூழ்கி எழுகிற பாதை. அந்த உப்புநீரைத் தாங்க வேண்டும். அதனால் சேஸிஸ் செய்த அதே குழாயில் நான்கு துண்டுகள் வெட்டி இத்துடன் அனுப்புகிறேன். ஒன்று வெறும் இரும்பு. ஒன்றில் ரெட் ஆக்சைடும் அதன்மேல் பெயிண்டும். ஒன்று பவுடர் கோட்டிங். ஒன்று உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். அலை வந்து போகும் இடத்தில் கட்டித் தொங்கவிட முடியுமா? தொந்தரவாக இருந்தால் வேண்டாம்.

ஆம்ப்ரோஸிடம் இன்னும் சொல்லவில்லை. பூச்சு முடிவானதும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

*

ஹோலி ஐலண்டு
20 பிப்ரவரி 1987

ஹ்யூ,

இருமல் போயிடுச்சு, மூட்டு வலி வந்திருக்கு. ஒண்ணு போனா ஒண்ணு துணைக்கு வேணுமே.

பார்சல் வந்துச்சு. தபால்காரர் ஆல்பி தூக்கிப் பார்த்துட்டு, "என்ன ஹெஸ்டர், குழாயா வருது? வீட்டுக்குள்ள கப்பல் கட்டுறியா?"ன்னார். "கப்பல் இல்ல, அண்ணனைக் கட்டி இழுக்கிறேன்"னு சொன்னேன். அவருக்குப் புரியல. நாலையும் லென் படகு கட்டின கம்பத்துல கட்டியாச்சு. ரெண்டு வேளையும் முழுசா முழுகும்.

மாடியறையில ஈரம் இருந்த சுவரைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கேன். உன் லத்தீன் புஸ்தகத்துக்கு அலமாரி போதுமான்னு எழுது.

ஆம்ப்ரோஸ்கிட்ட சொல்றதுக்கும் பூச்சுக்கும் என்ன சம்பந்தம்? என் புருஷன் லென்னை "நண்டுக்காரன்"னு சொன்ன வாய் அது, அவ்வளவுதானே. கடிக்காது. சொல்லு.

ஹெஸ்டர்

*

லஃப்பரோ
15 மார்ச் 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

மூட்டுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள். ஈரத்தில் நிற்காதே. இங்கே எல்லோரும் சௌகரியம்.

அலமாரி போதும். புத்தகங்களை நான் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

துத்தநாகத்தைப் பற்றி நிறையப் படித்தேன். கடலுக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு பயம் இருக்கிறது. சேஸிஸின் குழாய்கள் எல்லாம் இரு முனையும் அடைபட்டவை. அப்படியே கொதிக்கும் துத்தநாகத் தொட்டியில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் குழாயை வெடிக்க வைத்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு குழாயிலும் முன்கூட்டியே துளை போட வேண்டும். போட்ட துளையை இல்லாமல் செய்ய முடியாது. சூட்டில் மெல்லிய குழாய்கள் வளைந்தும் போகலாம். வளைந்தால் சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது.

எந்த இடங்களில் துளை என்று சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டேன். மறுநாள் பார்த்தபோது சில குறிகள் தவறாகத் தோன்றின. அழித்துவிட்டு மறுபடி குறித்தேன். பையன்களுக்கு முப்பது வருடம் லத்தீன் இலக்கணம் திருத்திக் கொடுத்தவன், ஒரு துளையை நம்பிப் போட முடியவில்லை.

துண்டுகள் எப்படி இருக்கின்றன? அவசரமில்லை.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

பி.கு. இனி கடிதங்களைத் தபால் நிலையத்தின் பெயருக்கே எழுது. நான் போய் வாங்கிக்கொள்கிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

*

ஹோலி ஐலண்டு
2 மே 1987

ஹ்யூ,

உடம்பு பரவாயில்ல. நடக்கிறதுக்காகத் தபால் ஆபீசா? நான் ஒண்ணும் கேக்கல.

உன் குழாயெல்லாம் அவுத்துப் பார்த்துட்டுத் திரும்பக் கட்டிட்டேன். வெறும் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிருது. பெயிண்ட் அடிச்சது கீறல் பக்கத்துல கொப்புளிச்சிருக்கு. பவுடர் போட்டது பார்க்க ஜம்முனு புதுசாட்டம் இருக்கு, ஏமாந்துட்டேன். கீறல்ல நகத்தை விட்டேன், தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அடியில முழுக்கத் துரு. வெளியில ஒண்ணுமே தெரியல. துத்தநாகம் மட்டும் சாம்பல் பூத்து அசிங்கமா இருக்கு, ஆனா கீறின இடத்துல கூடத் துரு இல்ல.

ஆகத் துத்தநாகம். முடிஞ்சுது.

இன்னொண்ணு. வர குளிர்காலத்தை இங்க தனியாத் தாண்ட முடியாது, டாக்டரும் சொல்லிட்டார். அக்டோபர் நடுவுல வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுக் கையெழுத்துப் போடணும். நீ வந்தா போடுறேன். வரலைன்னா வீட்டை விட்டுட்டு லென்னோட முதல் தாரத்து மகள் மேவிஸ்கிட்ட டார்பிக்குப் போயிடுவேன். அவ தங்கமானவதான். மாடிக் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தா எதிர் ஜன்னல்.

பயமுறுத்தல. தேதி சொல்றேன்.

ஹெஸ்டர்

*

லஃப்பரோ
24 மே 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். துண்டுகளை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி. தேதியை மனதில் வைத்துக்கொண்டேன்.

நேற்று ஆம்ப்ரோஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான்.

"என்ன வாத்தியாரே, இன்னும் தடவிக்கிட்டே இருக்கே? அதைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"பூச்சு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"யோசிக்க என்ன இருக்கு? பவுடர் கோட்டிங். கறுப்பு. ஊரே அதைத்தான் பண்ணுது."

நான் துத்தநாகத்தின் பெயரை எடுத்தேன்.

"துத்தநாகமா! அது விளக்குக் கம்பத்துக்கும் மாட்டுத் தொழுவக் கதவுக்கும் பண்றது. நீ எங்கே போகப் போறே? ஞாயித்துக்கிழமை சர்ச்சு. வெயிலடிச்சா காட்டுப் பக்கம் ஒரு சுத்து. கடலுக்குள்ளயா ஓட்டப் போறே?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

"இல்லை" என்றேன்.

பார், ஹெஸ்டர், இதை நான் முதலில் யோசிக்கவில்லை. இந்த ஊருக்குப் பவுடர் போதும். துத்தநாகம் வேண்டும் என்று நான் சொன்னால், அது கடலுக்குப் போகிறேன் என்று சொல்வதுதான். அப்பா வீட்டை அவன் பெயருக்கு எழுதினார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போக்கிடமில்லாமல் நின்றபோது ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டான். அவனிடம் இதை ஒரு பூச்சின் பெயராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

*

ஹோலி ஐலண்டு
11 ஜூன் 1987

ஹ்யூ,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்கணும்.

பூச்சு பேர் சொல்ல வேண்டாம். "நான் ஹெஸ்டர் வீட்டுக்குப் போறேன்"னு சொல்லு. நாலே வார்த்தை. உன் பையன்களுக்கு இதைவிடக் கஷ்டமானதெல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சிருக்கே.

சொல்லிட்டியா?

ஹெஸ்டர்

*

லஃப்பரோ
30 ஆகஸ்ட் 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னித்துவிடு. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வருடம் கோடையே வரவில்லை. பின்தோட்டத்து ஆப்பிள் மரம் மட்டும் தாங்க முடியாமல் காய்த்திருக்கிறது. முட்டுக் கொடுத்து வைத்தேன். ஆம்ப்ரோஸ் இப்போது மாடிப்படியில் துணையில்லாமல் இறங்குகிறான், ஏறும்போதுதான் நான் பின்னால் நிற்க வேண்டும். சர்ச்சில் புதிய பாதிரியார். குரல் மெல்லியது. பின்வரிசைக்கு எட்டுவதில்லை.

உன் கம்பத்தில் மிச்சமிருக்கும் துண்டுகளை எடுத்துவிடலாம்.

சேஸிஸ் திரும்பி வந்துவிட்டது. கறுப்பு. நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

*

ஹோலி ஐலண்டு
7 செப்டம்பர் 1987

ஹ்யூ,

ஆப்பிளையும் பாதிரியாரையும் படிச்சு முடிச்சுக் கடைசி வரிக்கு வந்தா கறுப்புங்கறே. "திரும்பி வந்துவிட்டது"ன்னா என்ன? நாய்க்குட்டியா, தானாப் போயிட்டுத் தானா வர?

சரி, போகட்டும். கறுப்பா இருந்தா என்ன, காரே இல்லாட்டி என்ன. பெர்விக் வரைக்கும் ரயில் இருக்கு. ஆல்பியோட மகன் அங்க வந்து உன்னைக் கூட்டிட்டு வருவான், கேட்டு வெச்சுட்டேன். ஓட்டறதுக்கு லென் நண்பரோட பழைய வேன் கிடைக்கும். ஏற்கெனவே முழுத் துரு. அதுக்கு இனிமே பூச்சு யோசிக்க வேண்டியதில்ல.

ரெண்டு சட்டையை எடுத்துக்கிட்டு வா. அக்டோபர் நடுவு, ஞாபகம் இருக்கட்டும். மாடியறை காய்ஞ்சு கிடக்கு.

ஹெஸ்டர்

*

லஃப்பரோ
27 செப்டம்பர் 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

நலம். நலமறிய ஆவல்.

சேஸிஸ் எப்படிப் போனது என்று கேட்டாய். சொல்ல வேண்டியதுதான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை வாசலில் ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. பவுடர் கோட்டிங் போடும் டெரெக் என்பவர். ஆம்ப்ரோஸ் தொலைபேசியில் வரச் சொல்லியிருக்கிறான். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லையாம்.

"யாரு சார் முதலாளி?" என்றார் டெரெக்.

"வாத்தியார்தான். நான் வெறும் டெலிபோன்" என்றான் ஆம்ப்ரோஸ். "ஆறு மாசமா இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுறான். எனக்கே தூக்கம் போச்சு. உன் பிறந்தநாளுக்கு என் பரிசா வெச்சுக்கடா."

டெரெக் சேஸிஸைச் சுற்றி வந்தார். "இதென்ன சுண்ணாம்புப் புள்ளி?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

"கறுப்புதானே சார்? உறுதியா? போட்டுட்டா அப்புறம் எடுக்கிறது கஷ்டம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே நல்லவர்கள், ஹெஸ்டர். யாரும் அதட்டவில்லை. அந்த நிமிடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், டெரெக் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். "ஆமாம், கறுப்பு" என்றேன். ஆம்ப்ரோஸால் குனிய முடியாது. அதனால் டெரெக் ஒரு முனையைத் தூக்க, மறுமுனையைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் நான்தான்.

ரயிலைப் பற்றி எழுதியிருந்தாய். ஆல்பியின் மகனுக்கு என் நன்றியைச் சொல். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

*

டார்பி
2 நவம்பர் 1987

ஹ்யூ,

மேல இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்திருப்பே. பதினஞ்சாம் தேதி வரைக்கும் பார்த்தேன். அதுக்கு மேலயும் ரெண்டு நாள் பார்த்தேன். அப்புறம் சாவியைக் கொடுத்துட்டேன்.

மேவிஸ் நல்லாப் பார்த்துக்கறா. எனக்குன்னு ஒரு அறை. ராத்திரி ரொம்ப அமைதி, அதான் தூக்கம் வரல. அழுதேனான்னு கேக்காதே.

ஒரு நல்லது என்னன்னா, இப்போ உனக்கும் எனக்கும் நடுவுல கடல் இல்ல. உன் தெருமுனையிலிருந்து டார்பிக்கு நேர் பேருந்து. ஒரு மணி நேரம். யாரையும் விட்டுட்டு வர வேண்டாம். டீ குடிச்சுட்டுச் சாயங்காலம் திரும்பிடலாம். நாம முகம் பார்த்து ஒன்பது வருஷமாச்சு ஹ்யூ. லென் சாவுக்குக்கூட நீ வரல, நான் அதைக் கேக்கவும் இல்ல.

இருபத்தொண்ணாம் தேதி சனிக்கிழமை வா. மேவிஸ் வீட்டு விலாசம் பின்னால எழுதியிருக்கேன்.

ஹெஸ்டர்

*

லஃப்பரோ, பேருந்து நிறுத்தம்
21 நவம்பர் 1987

அன்புள்ள ஹெஸ்டர்,

இதை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மேலங்கி போட்டிருக்கிறேன், குளிரவில்லை. பையில் உனக்கு ஆப்பிள்கள் இருக்கின்றன.

இன்று காலை சொல்லிவிட்டேன். காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமல் சொன்னேன். "நான் ஹெஸ்டரைப் பார்க்கப் போறேன்."

ஆம்ப்ரோஸ் கேட்டான், "தீவுக்கா?"

"டார்பி. வீட்டை விட்டுட்டா."

"அந்த நண்டுக்காரன் வீட்டையா? அவளா விட்டா?" பிறகு, "இன்னொரு காலையும் மாட்டிட்டுப் போடா" என்றான்.

மாட்டினேன். மேசையில் இறைச்சிப் பை இருக்கிறது என்றேன். கடுகு எங்கே என்றான். காட்டினேன். கதவு வரை என் பின்னாலேயே கைத்தடியோடு வந்தான். அங்கே நின்று, "ராத்திரி வந்துடுவேல்ல?" என்று கேட்டான்.

அவன் கேலி செய்திருந்தால் உடனே கிளம்பியிருப்பேன். இதுவரை அவன் என்னிடம் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. வருவேன் என்றேன். சத்தியமா என்றான். வாசலில் நின்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோதே ஒரு பேருந்து போய்விட்டது.

அடுத்ததும் வந்தது. கதவு திறந்தது. "ஏறுங்க தாத்தா, உள்ளே ஹீட்டர் போட்டு வெச்சிருக்கேன்" என்றார் ஓட்டுநர். அடுத்ததில் வருகிறேன் என்றேன். அவன் ஷெட்டுப் படியில் தனியாக இறங்கப் பார்ப்பானோ, விழுந்தால் யார் தூக்குவது என்று தோன்றிவிட்டது. அதுதான் காரணமா என்றும் எனக்குத் தெரியவில்லை. விழாமல் இருந்தாலும் நான் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ.

இன்றைக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. அதில் ஏறினால் இந்தத் தாளை உன் கையிலேயே கொடுத்து, நீ படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். திருப்பத்தில் பேருந்தின் சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
ஹ்யூபர்ட்

*

டார்பி
24 நவம்பர் 1987

ஹ்யூ,

உன் கடிதம் இன்னிக்குக் காலைத் தபால்ல வந்துச்சு.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற வரைக்கும் ஜன்னல்லயே உட்கார்ந்திருந்தேன். மேவிஸ் கேக்கைத் துணி போட்டு மூடி வெச்சா. கோபப்படணும்னு பார்த்தேன், வரல. இத்தனை வருஷமா "வா, வா"ன்னு உன்னையே கூப்பிட்டுக்கிட்டிருந்தது என் தப்பு. உன்னால கிளம்ப முடியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சும், ஆம்ப்ரோஸ் இருக்கிற வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு நானும் வீம்பா உட்கார்ந்திருந்தேன். அவன் லென்னைச் சொன்னான். லென்னே அதை மறந்துட்டுத்தான் செத்தார்.

அந்தப் பேருந்து இங்கேயிருந்தும் கிளம்புது. மேவிஸ் விசாரிச்சுட்டா.

வர சனிக்கிழமை வரேன். நிறுத்தத்துக்கு நீ வர வேண்டாம், வீட்டுக்கு வழி தெரியும். பழைய மணிதானே? அது அடிக்கும்போது ஆம்ப்ரோஸ் தடியை எடுத்துக்கிட்டு, "யாருடா அது?"ன்னு எழுந்திருப்பான்.

அவன் எழுந்திருக்கறதுக்கு முன்னால நீ வந்து கதவைத் திற.

ஹெஸ்டர்